ப்ரீ-மெட் மாணவர் எந்த மேஜர் எடுக்கலாம்? கிரேடு கணக்கிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் ப்ரீ-மெட் என்று தனியாக ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், பெரும்பாலும் கிடையாது. பிற்பாடு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மாணவர் எடுத்துக்கொள்ளும் முடிவுக்குத்தான் அந்தப் பெயர். அதற்குச் சில குறிப்பிட்ட பாடங்களை முடித்திருக்க வேண்டும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டும். மேஜர் உயிரியலாகவும் இருக்கலாம், வரலாறாகவும் இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம்.

இது நம் வீடுகளில் எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. பிளஸ் டூவில் பயாலஜி குரூப், அப்புறம் நுழைவுத் தேர்வு, நேராக எம்பிபிஎஸ் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வளர்ந்த பிள்ளை கல்லூரியில் சேரும்போதும் "டாக்டருக்குப் படிக்கணும்னா பயாலஜிதானே எடுக்கணும்?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். பிள்ளையும் சரி என்று அதையே எடுக்கிறான். அந்தக் கல்லூரியில் பயாலஜி துறை எப்படி கிரேடு போடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். முதலில் கிரேடு எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து உங்கள் கல்லூரியில், உங்களுக்கு, எந்த வகுப்புகள் என்ன கிரேடு தரும் என்று அளந்து பாருங்கள். மேஜரின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

படி 1: விண்ணப்பத்தில் எந்த எண் போகிறது?

அமெரிக்காவில் டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமான எம்டியைத் தரும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டிஓ தரும் கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ். டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளுக்கு டிஎம்டிசாஸ் என்று தனி வழி. ஆம்காஸ் உங்கள் கல்லூரி போட்டுக் கொடுத்த ஜிபிஏவை (கிரேடுகளின் சராசரி எண்) அப்படியே எடுத்துக்கொள்ளாது. நீங்கள் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் பட்டியலிடச் சொல்லி, கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிட்டு, தானே புதிதாகக் கணக்குப் போடும். அதில் மூன்று எண்கள் வரும்: பிசிபிஎம் எனப்படும் அறிவியல் ஜிபிஏ, மற்ற பாடங்களின் ஜிபிஏ, இரண்டும் சேர்ந்த மொத்த ஜிபிஏ.

பிசிபிஎம் என்றால் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம். பல மாணவர்கள் தடுமாறும் இடம் இது. புள்ளியியல் கணிதத்தில் சேரும். நரம்பறிவியல் உயிரியலில் சேரும். உளவியல் சேராது. பொறியியல் பாடங்களுக்குத் தனி வகை இருக்கிறது, அவை அறிவியல் ஜிபிஏவுக்குள் வராது. பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து போன்றவையும் பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். பாடத்தை எந்தத் துறை நடத்துகிறது என்பதைவிட அதன் உள்ளடக்கம் என்ன என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்கள்.

இன்னும் சில விதிகள். ஏ பிளஸ் வாங்கினாலும் ஆம்காஸில் 4.0தான். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு மறையாது, இரண்டும் கணக்கில் ஏறும். டிஓ கல்லூரிகளிலும் பழைய கிரேடை நீக்கும் சலுகை 2017இல் போய்விட்டது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம் இருந்தால் அதுவும் வரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த ஒரு பாடத்தில் வாங்கிய சி, இருபத்தொரு வயதில் விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளியில் டூயல் என்ரோல்மென்ட் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இப்போது ஒரு செமஸ்டரைப் போட்டுப் பார்ப்போம். கிரெடிட் என்பது கணக்கில் ஒரு பாடத்துக்கு உள்ள எடை. பொது வேதியியல் 4 கிரெடிட், கிரேடு பி (3.0). உயிரியல் 4 கிரெடிட், பி பிளஸ் (3.3). கால்குலஸ் 4 கிரெடிட், ஏ மைனஸ் (3.7). எழுத்துப் பயிற்சி 3 கிரெடிட், ஏ (4.0). பெருக்கிக் கூட்டினால் 12 + 13.2 + 14.8 + 12 = 52. அதை 15ஆல் வகுத்தால் மொத்த ஜிபிஏ 3.47. அறிவியலை மட்டும் எடுத்தால் 40ஐ 12ஆல் வகுக்க 3.33. எழுத்துப் பாடத்தில் வாங்கிய ஏ மொத்தத்தைத் தூக்கிவிட்டது, அறிவியலை அது தொடவே இல்லை.

அமெரிக்க எம்டி கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி ஜிபிஏ அண்மை ஆண்டுகளில் 3.8ஐ ஒட்டி இருக்கிறது, எம்கேட் சராசரி 511, 512 அளவில். நம் மாணவர் 3.7ஆவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஓராண்டு விடாமல் போகிறவர் மூன்றாம் ஆண்டு முடியும் மே, ஜூனிலேயே விண்ணப்பித்துவிடுகிறார். அதாவது நான்காம் ஆண்டின் கிரேடுகள் அந்த எண்ணில் இருக்காது. கையில் இருப்பது சுமார் 90 கிரெடிட்தான். முதல் செமஸ்டரில் 3.47 வாங்கியவர் மீதி 75 கிரெடிட்டில் 3.75 சராசரி வைத்தால் 3.7ஐத் தொட்டுவிடலாம். கடினம், ஆனால் முடியும். இதே 3.47 இரண்டாம் ஆண்டின் முடிவில், 60 கிரெடிட்டுக்குப் பிறகு இருந்தால்? மீதி 30 கிரெடிட்டில் 4.16 வேண்டும். அப்படி ஒரு கிரேடே கிடையாது.

ஆக, கடினமான மேஜரை எடுத்துவிட்டு "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதற்கு இரண்டு ஆண்டுகூட அவகாசம் இல்லை.

படி 2: யாரும் தப்ப முடியாத பாடங்கள்

மருத்துவக் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறினாலும், வழக்கமாகக் கேட்பவை இவை: உயிரியல் ஓராண்டு, பொது வேதியியல் ஓராண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஓராண்டு, இயற்பியல் ஓராண்டு, எல்லாம் லேப்போடு. கூடவே பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர், புள்ளியியல் அல்லது கால்குலஸ், ஆங்கிலம் அல்லது எழுத்துப் பாடம் இரண்டு. 2015இல் எம்கேட் மாறியபோது உளவியலும் சமூகவியலும் சேர்ந்த ஒரு பகுதி புதிதாக வந்ததால், அவற்றில் தலா ஒன்று எடுத்துவைப்பது வழக்கமாகிவிட்டது. மொத்தம் சுமார் 50 கிரெடிட் வரும்.

பட்டம் வாங்க வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். 50 கிரெடிட் எந்த மேஜர் எடுத்தாலும் ஒன்றுதான். ஆங்கில இலக்கியம் படிக்கிறவரும் அதே ஆர்கானிக் வகுப்பில், அதே பேராசிரியரிடம், அதே கர்வில்தான் (வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறை) உட்கார வேண்டும். மேஜர் மாற்றுவது மீதி 70 கிரெடிட்டைத்தான். பயாலஜி எடுத்தால் இந்த 50இல் பெரும்பகுதி மேஜருக்கும் கணக்காகிவிடும், கூடுதல் சுமை குறைவு. வரலாறு எடுத்தால் 50க்கு மேல் இன்னொரு 35, 40 கிரெடிட் வரலாறு படிக்க வேண்டும், ஆனால் அந்தப் பாடங்களின் கிரேடு எப்படி இருக்கும் என்பது வேறு கதை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்தால் மூச்சுவிட இடமே இராது.

படி 3: உங்கள் கல்லூரியில் கிரேடு எவ்வளவு இறுக்கம்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான்.

கல்லூரிக்குக் கல்லூரி கிரேடு பழக்கம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். யேல் பல்கலைக்கழகத்தில் 2022–23இல் கொடுத்த கிரேடுகளில் சுமார் 79 சதவீதம் ஏ அல்லது ஏ மைனஸ். ஹார்வர்டில் அதிகமாகக் கொடுக்கப்படும் கிரேடு ஏ என்று 2013இலேயே அங்கிருந்த டீன் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். மறுபக்கம் பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை, ஏ வகை கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தது. வெல்லெஸ்லி கல்லூரி அதே 2004இல், அறிமுக, இடைநிலை வகுப்புகளின் சராசரி பி பிளஸ்ஸைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டு, 2019இல் கைவிட்டது. ஆரிகனில் உள்ள ரீட் கல்லூரி இறுக்கமாக கிரேடு போடுவதற்குப் பெயர்போனது. டார்ட்மத் 1990களின் நடுவிலிருந்து, ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பின் நடு கிரேடு என்ன என்பதை டிரான்ஸ்கிரிப்ட்டிலேயே அச்சிட்டது.

"எங்கள் கல்லூரி கறார் என்று சேர்க்கைக் குழுவுக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். ஓரளவு தெரியும். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சேர்க்கைப் பணியில் அனுபவம் உள்ளவர்களே தாராளமாக கிரேடு போடும் கல்லூரியிலிருந்து வந்த உயர்ந்த ஜிபிஏவுக்குத்தான் சாய்ந்தார்கள். அந்தக் கல்லூரியின் சராசரி இவ்வளவு என்ற தகவலைக் கையில் கொடுத்தபோதும் போதுமான அளவு கழித்துப் பார்க்கவில்லை. மருத்துவக் கல்லூரிகளை வைத்துச் செய்த ஆய்வு இல்லை அது, வணிகப் பள்ளிச் சேர்க்கையை வைத்துச் செய்தது. ஆனாலும் எண்ணைப் பார்க்கிற கண் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று, அதை மாற்ற முடியாது. உள்ளே துறைக்குத் துறை, பேராசிரியருக்குப் பேராசிரியர் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக வேதியியல், கணிதம், இயற்பியல், பொருளாதாரம் ஆகியவை குறைவாக கிரேடு போடும், மொழி, இலக்கியம், கல்வியியல் ஆகியவை அதிகமாகப் போடும். இது பொது நிலை. உங்கள் கல்லூரியில் எப்படி என்று பார்க்க வழி உண்டு. விஸ்கான்சின்-மேடிசன் ஒவ்வொரு வகுப்பின் கிரேடு பரவலையும் வெளியிடுகிறது. அதைத் தேட வசதியாக மேட்கிரேட்ஸ் என்ற தளம் இருக்கிறது. பெர்க்லி மாணவர்களுக்கு பெர்க்லிடைம், மிச்சிகனில் அட்லஸ். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தகவலை ஏதோ ஒரு வழியில் பெற முடியும். தனியார் கல்லூரியில் கிடைக்காவிட்டால் மேல் வகுப்பு மாணவர்களிடம் கேட்பதே வழி. கேட்கும்போது "கஷ்டமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "மிட்டெர்மில் சராசரி எவ்வளவு? எந்த மார்க்குக்கு ஏ மைனஸ் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.

பரவல் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஏ, ஏ மைனஸ் எத்தனை சதவீதம்? சி அல்லது அதற்குக் கீழே எத்தனை? மூன்றாவது, பலர் பார்க்க மறப்பது: நடுவில் விலகி டபிள்யூ வாங்கியவர்கள் எத்தனை பேர்? வகுப்பில் கால்வாசிப் பேர் விலகிப் போய், மிஞ்சியவர்களில் பாதிப் பேருக்கு ஏ கிடைத்திருந்தால் அது சுலபமான வகுப்பு இல்லை. மேல்நிலை வகுப்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியில் 60 சதவீதம் ஏ என்று இருந்தால், அங்கே வந்து சேர்ந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். வேதியியலில் ஊறியவர்கள் மட்டும்தான் அதுவரை வந்திருப்பார்கள்.

அப்புறம் கர்வ். இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஆர்கானிக்: தேர்வில் சராசரி 54, திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) 15, மேலே உள்ள 20 சதவீதத்துக்கு ஏ அல்லது ஏ மைனஸ் என்று சிலபஸில் போட்டிருக்கிறது. இங்கே 69 மார்க் வாங்கியவர் சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் மேலே இருக்கிறார். மார்க்குகள் வழக்கமான மணி வடிவில் பரவியிருந்தால் சுமார் 84 சதவீதம் பேர் அவருக்குக் கீழே. அவருக்கு ஏ மைனஸ் கிடைத்துவிடும். இரண்டாவது ஒரு சுகாதாரத் துறை வகுப்பு: கர்வ் கிடையாது, 93க்கு மேல் ஏ, 90க்கு மேல் ஏ மைனஸ், கேள்விகள் எளிது, சராசரியே 91. இங்கே 88 வாங்கியவருக்கு பி பிளஸ். இரண்டு கேள்விகளைக் கவனக் குறைவாக விட்டால் ஏ போய்விடும். வீட்டில் 69ஐப் பார்த்துப் பதறுவார்கள், 88ஐப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள். நடப்பது நேர்மாறு. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மார்க்கைக் கேட்டால் கூடவே சராசரியையும் கேளுங்கள். சராசரி தெரியாமல் மார்க்கை மட்டும் வைத்துத் திட்டுவது பிள்ளையைப் பேசவிடாமல் செய்துவிடும்.

கர்வ் உள்ள வகுப்பில் உங்கள் கிரேடைத் தீர்மானிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். ப்ரீ-மெட் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் சராசரிக்கு மேல் போவது சாதாரண வேலை இல்லை. ஒரே இயற்பியலை "லைஃப் சயன்ஸ் மாணவர்களுக்கு", "இன்ஜினியரிங் மாணவர்களுக்கு" என்று இரண்டு வரிசையாக நடத்தும் கல்லூரிகள் உண்டு. மருத்துவக் கல்லூரிக்கு முதலாவதே போதும். கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலைக் கட்டாயமாகக் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு.

சிலபஸைக் கையில் எடுத்ததும் மதிப்பெண் எதற்கெல்லாம் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று மிட்டெர்மும் ஒரு ஃபைனலும் மட்டும்தான் மொத்தம் என்றால் ஒரு மோசமான நாள் கிரேடை இறக்கிவிடும். வாராந்திர வினாடி வினா, வீட்டுப்பாடம், லேப் அறிக்கை என்று பிரிந்திருந்தால் ஒழுங்காக உழைப்பவருக்கு அது சாதகம். மிகக் குறைந்த மிட்டெர்ம் மார்க்கை நீக்குவார்களா, பழைய வினாத்தாள் தருவார்களா என்பதும் சிலபஸிலேயே இருக்கும்.

படி 4: மேஜர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கும் மேல் உயிரியல் சார்ந்த மேஜர். ஆண்டுதோறும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி, எந்த மேஜரிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களின் ஜிபிஏ, எம்கேட் என்ன என்று அட்டவணை வெளியிடுகிறது. அதைத் திறந்து பாருங்கள். கலைத்துறைகள், கணிதம், இயற்பியல் அறிவியல்கள் படித்தவர்கள் இடம் பெறும் விகிதம் உயிரியல்காரர்களைவிடக் குறைவாக இல்லை, பல ஆண்டுகளில் சற்றுக் கூடவே இருக்கிறது. இதை வைத்து "தத்துவம் எடுத்தால் சீட் உறுதி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தத்துவம் படித்துக்கொண்டே ஆர்கானிக்கையும் முடித்து எம்கேட்டும் எழுதி வருகிறவர் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர். மேஜரின் பெயர் யாரையும் தடுப்பதில்லை என்பதற்கு மட்டும் அந்த அட்டவணை சாட்சி.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987இலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. கலைத்துறை மாணவர்களை எம்கேட் இல்லாமல், ஆர்கானிக்கும் இயற்பியலும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கமான வழியில் வந்தவர்களோடு அவர்கள் சமமாகவே படித்து முடித்திருந்தார்கள்.

சரி, உயிரியல். பாடங்கள் ஒன்றோடொன்று பொருந்திவரும், அட்வைசருக்கு எல்லாம் அத்துப்படி, கூட்டாளிகள் நிறைய. ஆனால் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டும் முந்நூறு பேர் வகுப்பு. பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்கு உங்களைத் தெரிந்த பேராசிரியர் கிடைப்பது சிரமம். மருத்துவக் கல்லூரிகள் வழக்கமாக இரண்டு அறிவியல் ஆசிரியர், ஒரு பிற ஆசிரியர் என்று கடிதம் கேட்கும். சிறிய துறையில் படிக்கிறவருக்கு இது தானாக அமையும். உயிரியல் எடுத்தவர் அலுவலக நேரத்தில் போய் உட்கார்ந்து தேடிக்கொள்ள வேண்டும். உயிரியல் உண்மையிலேயே பிடித்திருந்தால் தயங்காமல் எடுங்கள். "டாக்டருக்கு அதுதானே" என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

நரம்பறிவியல் இப்போது ப்ரீ-மெட் மாணவர்களிடம் பிரபலம். உளவியலும் உயிரியலும் கலந்து வருவதால் எம்கேட்டுக்கும் உதவும். பிசிபிஎம்மில் சேரும் மேல்நிலைப் பாடங்கள் நிறைய கிடைக்கும். சின்னச் சின்ன செமினார் வகுப்புகளும் இருக்கும். எனக்குப் பிடித்த தேர்வுகளில் ஒன்று.

வேதியியல், பயோகெமிஸ்ட்ரி எடுப்பவர்கள் ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி என்ற ஒரு மலையைத் தாண்ட வேண்டும். அதில் கணிதம் அதிகம், எம்கேட்டுக்கு அது வேண்டியதே இல்லை. வேதியியலில் தானாகக் கை ஓடுகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பொறியியல் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்ற பெயரில் மருத்துவம் இருப்பதால் நம் வீடுகளில் அதற்கு ஒரு கவர்ச்சி. "டாக்டர் ஆகாவிட்டாலும் இன்ஜினியர் ஆகிவிடலாம்" என்ற கணக்கும் உண்டு. ஆனால் செமஸ்டருக்கு 17, 18 கிரெடிட், திரவ இயக்கவியல், சர்க்யூட், டிசைன் ப்ராஜெக்ட், அவற்றோடு மேலே சொன்ன முன்பாடங்கள். பொறியியலில் வாங்கும் ஏ கிரேடுகள் அறிவியல் ஜிபிஏவைத் தூக்காது, ஆனால் அங்கே வாங்கும் பி மைனஸ்கள் மொத்த ஜிபிஏவை இறக்கும். கிளினிக்கில் தன்னார்வலராகவும் ஆய்வகத்திலும் செலவிட வேண்டிய மணிநேரங்களும் போய்விடும். பொறியியல் 3.4 என்றால் உயிரியல் 3.8க்குச் சமம் என்று குழு தானாக மாற்றிப் போட்டுக்கொள்ளாது. கருவிகள் செய்வதில் நிஜமான ஆசை இருக்கிறவர், முதல் ஆண்டில் 3.7க்கு மேல் நிற்கிறவர் தொடரலாம். மற்றவர்கள் முதல் ஆண்டு முடியும்போதே மறுபடி யோசிக்க வேண்டும்.

உளவியல், சமூகவியல், பொருளாதாரம், ஆங்கிலம், வரலாறு, ஸ்பானிஷ்: முன்பாடங்களைத் திட்டமிட்டு முடித்தால் இவை எல்லாமே நல்ல வழிகள். வாசித்து எழுதப் பழகியவர்களுக்கு எம்கேட்டில் வாசிப்புப் பகுதி கைகொடுக்கும், கடைசி நேரத்தில் படித்து ஏற்ற முடியாத பகுதி அது. ஒரே எச்சரிக்கை, இந்த மேஜர்களில் அறிவியல் கிரெடிட் குறைவு. முன்பாடங்களில் ஒரு சி விழுந்தால் அறிவியல் ஜிபிஏவை ஈடுகட்ட வேறு பாடங்கள் கையில் இராது. அதனால் செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ், உடலியல் என்று இரண்டு மூன்று மேல்நிலைப் பாடங்களைக் கூட எடுத்துவையுங்கள்.

ஹெல்த் சயன்ஸ், கினிசியாலஜி (உடல் இயக்கவியல்) போன்றவை எளிதென்று பெயர். வகுப்புகள் பலவும் பிசிபிஎம்முக்கு வெளியே நிற்பதையும், நான் மேலே சொன்ன கர்வ் இல்லாத சிக்கலையும் மறக்காதீர்கள். நர்சிங் தனித் தொழிலுக்கான படிப்பு. அதன் வேதியியல், உயிரியல் பாடங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி கேட்பவை இல்லை என்பதால் இரட்டை வேலையாகிவிடும்.

படி 5: விசாவில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு

நம்மவர்களில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் மாணவரைப் பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக அரசுக் கல்லூரிகள், விண்ணப்பிக்கவே அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் சில இடங்கள் ஓராண்டு முதல் நான்கு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவைக்கச் சொல்வதுண்டு. மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4இல் வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்த நிலையை இழந்து எஃப்-1க்கு மாறும்போது, இங்கேயே பத்தாண்டு பள்ளி படித்திருந்தாலும் வெளிநாட்டு மாணவராகிவிடுகிறார். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டிலேயே வழக்கறிஞரிடம் தேதிகளைக் கேட்டுவிட வேண்டும்.

இதற்கும் மேஜருக்கும் என்ன சம்பந்தம்? பட்டம் முடித்து ஓரிரு ஆண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது இப்போது மிகவும் சகஜம். எஃப்-1 மாணவருக்கு அதற்கு, படிப்புக்குப் பின் வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதி வேண்டும். எந்த மேஜருக்கும் 12 மாதம் உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜருக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும், வேலை தருபவர் இ-வெரிஃபை என்ற அரசின் பணி அனுமதிச் சரிபார்ப்பு முறையில் பதிந்திருந்தால். வரலாறு படித்தவர் ஓராண்டில் கிளம்ப வேண்டியிருக்கும், உயிரியல் படித்தவருக்கு மூன்று ஆண்டு இருக்கும். குடியுரிமை உள்ளவருக்கு நான் சொல்லும் தாராளமான அறிவுரையை விசா மாணவருக்குச் சொல்ல மாட்டேன். அவர் ஸ்டெம் மேஜரே எடுக்கட்டும், பட்டியலில் தன் மேஜரின் குறியீடு இருக்கிறதா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். பொருளாதாரம்கூட சில கல்லூரிகளில் ஸ்டெம் குறியீட்டில் வருகிறது, சில இடங்களில் வருவதில்லை.

படி 6: பாடங்களை அடுக்கும் விதம்

மேஜரைவிட, எந்த செமஸ்டரில் எதோடு எதை எடுக்கிறீர்கள் என்பது கிரேடை அதிகம் ஆட்டிவைக்கும். முதல் செமஸ்டரில் அறிவியல் பாடம் இரண்டு போதும், கணிதத்தையும் சேர்த்து. இரண்டாம் ஆண்டில் ஆர்கானிக் எடுக்கும்போது இயற்பியலையும் மேல்நிலை உயிரியலையும் ஒன்றாகத் திணிக்காதீர்கள். லேப் என்பது ஒரு கிரெடிட் என்று எழுதியிருக்கும், வாரத்தில் நான்கு மணி நேரமும் அதற்கு மேல் அறிக்கை எழுதும் நேரமும் தின்னும். பயோகெமிஸ்ட்ரியை எம்கேட்டுக்கு முந்தைய செமஸ்டரில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே படிப்பு.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் 5 வாங்கியிருந்தால் பொது வேதியியலைத் தவிர்த்துவிட்டு நேராக ஆர்கானிக் போகலாமா என்று கேட்பார்கள். ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் உண்டு, ஏற்றாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுக்கச் சொல்வதுண்டு. வேதியியலில் எனக்கு உறுதி என்று நினைப்பவர்கூட முதல் ஆண்டில் பொது வேதியியல் எடுத்து ஒரு ஏ வாங்கிக்கொள்வது நல்ல தொடக்கம். கல்லூரித் தேர்வின் வேகம் அங்கேதான் பிடிபடும். கால்குலஸுக்கு ஏபி போதும், அந்த இடத்தில் புள்ளியியல் எடுங்கள்.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுப்பதில் தவறில்லை. கடினமான எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தால் குழுவின் கண்ணில் படும். முன்பாடங்களை பாஸ்/ஃபெயில் முறையில் எடுக்கவே கூடாது.

படி 7: கிரேடு விழுந்துவிட்டால்

முதல் மிட்டெர்ம் வந்த வாரத்திலேயே கணக்குப் போடுங்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்துக்குப் போய், "இந்த மார்க்குக்கு மேல் மீதித் தேர்வுகளில் சராசரியாக எழுதினால் என்ன கிரேடு வரும்?" என்று நேராகக் கேளுங்கள். சி மைனஸ் என்றால், விலகும் கடைசித் தேதிக்கு முன் டபிள்யூ எடுப்பது நல்லது. அது ஜிபிஏவில் சேராது, டிரான்ஸ்கிரிப்ட்டில் மட்டும் தெரியும். ஒன்று இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். செமஸ்டருக்கு ஒன்று என்று வரிசையாக நின்றால் கேட்பார்கள். எஃப்-1 மாணவர் விலகுவதற்கு முன் 12 கிரெடிட்டுக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முழுநேர மாணவர் என்ற நிலை அதைப் பொறுத்தது.

முன்பாடத்தில் சி மைனஸோ அதற்குக் கீழோ விழுந்தால் திரும்ப எடுத்தாக வேண்டும், பெரும்பாலான இடங்களில் சி வேண்டும் என்பது நிபந்தனை. பி மைனஸைத் திரும்ப எடுக்காதீர்கள். அந்த நேரத்தை அடுத்த நிலைப் பாடத்துக்குக் கொடுத்து அங்கே ஏ வாங்குவது மேல். ஆர்கானிக்கில் பி மைனஸ், அப்புறம் பயோகெமிஸ்ட்ரியில் ஏ என்று இருந்தால் குழு அந்த ஏற்றத்தைப் பார்க்கும்.

மேஜரை மாற்றுவதாக இருந்தால் இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர் முடிவுதான் சரியான நேரம். பெரும்பாலான கல்லூரிகளில் மேஜரை அறிவிக்க இரண்டாம் ஆண்டு இறுதிவரை அவகாசம் இருக்கும். அதற்குள் மூன்று செமஸ்டர் கிரேடுகள் கையில் இருக்கும். ஒரு தாளில் அறிவியல் ஜிபிஏ, மொத்த ஜிபிஏ, மேஜர் பாடங்களின் ஜிபிஏ மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முன்பாடங்களில் 3.6 இருந்து மேஜர் பாடங்களில் 3.2 இருந்தால் சிக்கல் மேஜரில் இருக்கிறது, மாற்றினால் சரியாகும். இரண்டிலும் 3.2 என்றால் மேஜரை மாற்றிப் பயனில்லை, படிக்கும் முறையையும் சுமையையும் மாற்ற வேண்டும். வேலைக்குப் போகும் மணிநேரம், தூக்கம், வீட்டுப் பொறுப்பு, மன அழுத்தம் எல்லாவற்றையும் அட்வைசரிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய கட்டம் அது. பெற்றோரிடமும்தான்.

மூன்றாம் ஆண்டு முடிவில் எண் 3.5க்குக் கீழே நின்றால் அந்த ஜூனில் விண்ணப்பிக்க வேண்டாம். நான்காம் ஆண்டின் 30 கிரெடிட்டையும் நல்ல கிரேடோடு சேர்த்துக்கொண்டு அடுத்த ஜூனில் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம், ஒவ்வொரு கல்லூரியின் இரண்டாம் கட்டக் கட்டுரைகள், பயணம் என்று ஒரு சுற்றுக்கே ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும். இரண்டாம் முறை விண்ணப்பிப்பவரிடம் பல கல்லூரிகள் "போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியது?" என்று கேட்கும். பட்டம் முடித்த பிறகும் போஸ்ட்-பேக் என்ற பெயரில் இளநிலை அறிவியல் பாடங்களை எடுக்கலாம். அந்த கிரேடுகள் ஆம்காஸில் தனி வரியில் தெரியும், இளநிலை மொத்தக் கணக்கிலும் சேரும். ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்ற முதுநிலைப் படிப்பின் கிரேடுகள் தனியாகவே நிற்கும், இளநிலை ஜிபிஏவைத் தூக்காது. பணம் குறைவாக இருந்தால் முதல் வழியையே பாருங்கள்: உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில், வேலை பார்த்துக்கொண்டே, செமஸ்டருக்கு இரண்டு பாடம்.